குறிப்பேட்டில் ஏறாதவை

செவ்வாய் மாலை ஆறரை மணி.
வைட்ஹேவன் துறைமுகத்தில் மழை சாய்ந்து பெய்கிறது.
புனித பேகா தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பறையில்
ஏழு வயதுக்காரர்களின் நாற்காலிகளில்
ஒன்பது பெரியவர்கள்,
முழங்கால் மோவாயை முட்ட.
நிர்வாகக் குழுவுக்கு நான் எழுத்தர்.
எனக்கு வாக்கு இல்லை, பேனா உண்டு.

பங்குத்தந்தை அன்செல்ம் செபம் சொல்கிறார்.
பாடுபட்ட சுரூபத்துக்குக் கீழே ஏழாம் வாய்பாடு;
அதன் ஓரத்தில் யாரோ
ஒரு திமிங்கிலம் வரைந்திருக்கிறார்கள்.
ஆமென்.

கொதிகலன் பழுது, கூரை ஒழுகல், பிறகு பதினோராம் பக்கம்.
தலைவர் ஹ்யூ பென்ரைஸ்
முப்பது வருடம் துறைமுக மதகைக் காத்தவர்.
வரிக்குக் கீழே விரல் வைத்துப் படிப்பார்.
விரல் நின்றது.
"செப்டம்பரில் முப்பது புதுப் பிள்ளைகள் என்றிருக்கிறது.
எந்த முப்பது?"

கடிகாரம் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"பத்தொன்பது," என்றார் தலைமையாசிரியை ஊனா டைசன்.
"மூன்று வாரமாகத் தெரியும்.
சொன்னால் மிஸ் ஃபிஷ்விக்கின் வேலை போகும்.
அதனால் சொல்லவில்லை."

என் பேனா அந்தரத்தில்.

நான் பழைய நாட்களையும் எழுதியவள்.
அப்போது கூட்டம் இருபது நிமிடம், கேக் நாற்பது நிமிடம்.
எல்லாரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம்.
கடன் மட்டும் தலையாட்டாமல் வளர்ந்தது,
ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வரும்வரை.
அடுத்து வந்த தலைவர் அலமாரி திறந்து பென்சில் எண்ணினார்;
வகுப்பின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.
ஒரே ஆண்டில் மூன்று ஆசிரியர்கள் கிளம்பினார்கள்.

ஹ்யூ திட்டவில்லை. தேற்றவும் இல்லை.
"சரி, பத்தொன்பதுக்குக் கணக்குப் போடுங்கள்" என்றார்.

பிறகுதான் சண்டை.
இரண்டு வகுப்பை ஒன்றாக்கலாம் என்றார் ஊனா.
கூடவே கூடாது என்றார் ஹ்யூ.
இரவுப்பணிச் செவிலி மக்டலேனா வோய்ச்சிக்,
பெற்றோர் சார்பில் வந்தவள், கேட்டாள்:
"காலைக் கஞ்சி நிற்குமா?"
"நிற்காது. பசித்த வயிற்றில் வேதபாடம் ஏறாது."
"அப்படியானால் பணம்?"
"செபிப்போம்" என்றார் பங்குத்தந்தை.
"செபியுங்கள் தந்தையே, கூடவே கூட்டியும் பாருங்கள்."
அவர் சிரித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்,
கூட்டிப் பார்த்தார்,
இரண்டு இடத்தில் தப்பு கண்டுபிடித்தார்.

ஒன்பதேகாலுக்குக் கை தூக்கினார்கள்.
ஐந்துக்கு நான்கு.
வகுப்புகள் சேரும், கஞ்சி தொடரும்,
மிஸ் ஃபிஷ்விக்குக்கு இனி அரைநாள்தான்.
ஹ்யூ தோற்ற பக்கம்.

சமையலறையில் அவர் கோப்பைகளைக் கழுவ,
ஊனா துடைத்து அடுக்கினார்.
"அடுத்த தடவை முதல் நாளே கூப்பிடுங்கள்."
"கூப்பிட்டால் திட்டுவீர்கள்."
"திட்டுவேன். திட்டிவிட்டு வருவேன்."
ஒரு கோப்பையின் காது உடைந்தது.
யார் கையில் என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வாசலில்
குடைகளுக்குள்ளிருந்து கோபம்.
இது யார் யோசனை, அந்த அம்மாவுடையதுதானே,
நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதா?
ஹ்யூவின் தொப்பியிலிருந்து நீர் சொட்டியது.
"நாங்கள் முடிவு செய்தோம்" என்றார்.
ஐந்துக்கு நான்கு என்று சொல்லவில்லை.
ஊனா உள்ளே மணி அடித்தார்.
மணிக்கயிற்றுப் பக்கம் அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

மிஸ் ஃபிஷ்விக் நனைந்தபடியே
பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாள்.
அவளிடம் சொல்ல
யாருக்கும் ஒரு சொல் கிடைக்கவில்லை,
எனக்கும்.

நான் எழுதியது இவ்வளவுதான்:
மாணவர் எண்ணிக்கை குறித்து வினா எழுப்பப்பட்டது.
விளக்கம் அளிக்கப்பட்டது.
தீர்மானம் நிறைவேறியது.
கோப்பை ஒன்று வாங்க வேண்டும்.